முதல் ஆளா உங்களைத்தான்

"தம்பி, தலைவலின்னு சொன்னா எறக்கி விட்டுருவீங்களா?"

நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகும் வழியில், திங்போச்சேயில் இரண்டாவது நாள் ராத்திரி. சாப்பாடு முடிந்து, சாணி அடுப்பைச் சுற்றி எல்லோரும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது அவர் கேட்டார். குழுவின் வழிகாட்டியான நான், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டரைப் பக்கத்து ஆளின் விரலிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேன்: "சொல்லித்தான் பாருங்களேன் சார், முதல் ஆளா உங்களைத்தான் அனுப்புவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அந்த ஒரு வரியை அதற்கப்புறம் எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை. வேறு குரலில், வேறு வார்த்தைகளில், அவர் முகத்தைப் பார்த்தபடி. அந்த வரியில் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். தலைவலியோடு ஒருவரும் மேலே போகக் கூடாது என்பதுதான் நான் கற்றது, மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் அதுதான். ஆனால் விதி முழுசாக எப்படி இருக்கிறது? உயர நோயின் அறிகுறி தெரிந்தால் அதே உயரத்தில் நில். குறைந்தால் அப்புறம் ஏறு. குறையவில்லை என்றாலோ, கூடினாலோ இறங்கு. பெரும்பாலான தலைவலிகள் ஒரு நாள் தங்கினாலே போய்விடும். நான் 'நில்' என்பதை விட்டுவிட்டு நேராக 'இறங்கு' என்பதற்குப் போய்விட்டேன். பத்துப் பேர் முன்னால், சிரிப்போடு.

அவருக்கு 61 வயது. ஈரோட்டுப் பக்கம், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறுகிறவர். லுக்லாவிலிருந்து கிளம்பிய முதல் நாளே குழுவில் இருந்த முப்பது வயதுப் பையன்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். கூட வந்த ஷெர்பா தம்பிதான் "பிஸ்தாரி, பிஸ்தாரி" என்று பின்னாலிருந்து கத்திக் கத்தி அவரை மெதுவாக்கினான். வெள்ளியங்கிரி உச்சி 2,000 மீட்டர்கூடக் கிடையாது. அங்கே எத்தனை தடவை ஏறினாலும் திங்போச்சேயின் 4,410 மீட்டரில் உடம்பு என்ன செய்யும் என்பதை அது சொல்லித் தராது. கால் பலம் வேறு, உயரத்துக்கு உடம்பு பழகுவது வேறு. 1960களில் விமானத்திலும் லாரியிலும் திடீரென்று இமயத்துக்குக் கொண்டுபோகப்பட்ட நம் ராணுவ வீரர்களில் நோய்ப்பட்ட 1,925 பேரைப் பற்றிய ஆய்வு 1969இல் வெளிவந்தது. அத்தனை பேரும் உடல் தகுதி பார்த்து எடுக்கப்பட்டவர்கள். காட்மாண்டுவில் முதல் நாள் கூட்டத்தில் இதை நான் எப்போதும் சொல்வேன். அவருக்கும் சொன்னேன். தலையாட்டினார்.

மறுநாள் லொபுசேக்கு ஏறினோம். தூக்லாவுக்கு மேலே அந்தச் செங்குத்தான ஏற்றத்தில் எல்லோருமே திணறுவார்கள் என்பதால், அவர் பின்தங்கியது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. மலையில் இறந்தவர்களுக்குக் கல் அடுக்கி வைத்திருக்கும் அந்த மேட்டில் அவர் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அங்கே எல்லோருமே கொஞ்சம் மௌனமாகிவிடுவார்கள், அப்படித்தான் நினைத்தேன். இருமல் இருந்தது. வறண்ட குளிர்காற்றில் அந்த வழியில் இருமாதவர்கள் யார்? ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது, ஒவ்வொரு காரணமும் நியாயமானதுதான். இப்போது யோசித்தால், தனித்தனியாகச் சரியாக இருந்த காரணங்களை நான் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

சேர்த்துப் பார்த்தவன் ஷெர்பா தம்பி. சாயங்காலம் சமையலறை வாசலில் என்னிடம் இரண்டே விஷயம் சொன்னான். அந்த சார் இன்றைக்கு ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. மத்தியானம் தால் பாத்தில் பாதியை அப்படியே வைத்துவிட்டார். நாம்சேயிலிருந்து வளைவுக்கு வளைவு நின்று அமா டப்லாம் சிகரத்தைப் படம் எடுத்துக்கொண்டே வந்த மனிதர் அவர். "பார்த்துக்கறேன்" என்றேன்.

பார்த்தேன் என்றும் சொல்லலாம். படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன். தலைவலி, வயிறு, களைப்பு, தலைசுற்றல் என்று நான்கு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. தலைவலியும் இருந்து மொத்தம் 3 வந்தால் உயர நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் தலைவலிக்கு 0 சொன்னார், களைப்புக்கு 1, மற்றது இரண்டும் 0. ஆக்ஸிமீட்டரை மாட்டுவதற்கு முன்னால் நாலைந்து தடவை மூச்சை ஆழமாக இழுத்து விட்டார். அப்படிச் செய்தால் எண் கொஞ்ச நேரத்துக்கு ஏறும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், இப்போதெல்லாம் வருகிறவர்களுக்கும் தெரிகிறது. அவர் அப்படிச் செய்வதை நான் கண்ணால் பார்த்தேன். எண் 78. லொபுசேயின் 4,940 மீட்டரில் 78 என்பது நன்றாக இருக்கிற பலருக்கும் வரும் எண்தான். எழுதிக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டேன்.

ஏன் போனேன்? இதற்கு நேர்மையான பதில் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. சில நாள், எண்ணும் படிவமும் சரியாக இருந்ததால் போனேன் என்று தோன்றும். சில நாள், ஒருவரை "நீங்கள் பொய் சொல்கிறீர்கள்" என்று அவர் வயதில் பாதி இருக்கிற நான் சொல்வதற்குக் கூசினேன் என்று தோன்றும். இன்னும் சில நாள், மறுநாள் தங்க வேண்டிய கோரக்‌ஷெப்பில் படுக்கைகள் கணக்குப் பார்த்துப் பதிவு செய்திருந்தது ஞாபகம் வரும். அப்போது எழுந்து வெளியே போய் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வருவேன்.

ராத்திரி பதினொன்றரைக்கு அவரோடு தங்கியிருந்தவர் கதவைத் தட்டினார். போய்ப் பார்த்தால், படுக்க முடியாமல் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். மார்பில் காது வைத்துக் கேட்க வேண்டியிருக்கவில்லை. வாசலிலேயே, உலையில் தண்ணீர் கொதிப்பது போல அவர் மூச்சுச் சத்தம் கேட்டது. உதடு நீலம். ஆக்ஸிமீட்டர் 54. ஹேப். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. உயர நோயில் அதிகம் பேரைக் கொல்வது இதுதான். சிலிண்டரைத் திறந்தோம், நுரையீரல் அழுத்தத்தைக் குறைக்கும் நிஃபெடிபின் மாத்திரை கொடுத்தோம். ஹெலிகாப்டர் ராத்திரியில் வராது. காலை வரை காத்திருப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. நடக்க விட்டால் நுரையீரல் அழுத்தம் இன்னும் ஏறும். எங்கள் போர்ட்டர்கள் நாலு பேர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, ஒரு டோக்கோக் கூடையின் பக்கத்தை வெட்டி உட்காரும்படி செய்து, நெற்றிப் பட்டையில் மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். பகலெல்லாம் எங்கள் மூட்டைகளைச் சுமந்தவர்கள் அவர்கள். ஒருவர்கூட ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. பெரிச்சே 570 மீட்டர் கீழே. விடிவதற்கு முன்னால் மருத்துவ முகாமின் கதவைத் தட்டினோம்.

தூக்லாவைத் தாண்டியதுமே அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. இறக்கம் செய்கிற வேலையை வேறு எந்த மருந்தும் செய்யாது, அதை அன்று கண்ணெதிரே பார்த்தேன். முதலில் சொன்னது: "மன்னிச்சுருங்க தம்பி." மூச்சை வீணாக்காதீங்க சார் என்று மட்டும் சொன்னேன்.

அவருடைய பொருட்களை எடுத்துவைக்கும்போது ஜாக்கெட் பையில் ஒரு பாராசிட்டமால் அட்டை இருந்தது. பத்து மாத்திரையில் ஒன்று மட்டும் பாக்கி. டயமாக்ஸ் அட்டையோ பிரிக்கப்படாமலே இருந்தது. அது அறிகுறியை மறைத்துவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. டயமாக்ஸ் மூச்சைக் கூட்டி உடம்பு பழகுவதைத் துரிதப்படுத்தும். மறைப்பது வலி மாத்திரைதான். இதையும் காட்மாண்டுவில் சொல்லியிருந்தேன். சொல்லியிருந்தேன், சொல்லியிருந்தேன் என்று இந்தக் கட்டுரையில் எத்தனை தடவை எழுதுகிறேன் என்பது எனக்கே தெரிகிறது.

அவர் பிழைத்தார், நன்றாக இருக்கிறார். மூன்று வாரம் கழித்து ஃபோன் செய்தேன். நலம் விசாரித்து முடித்து, கேட்க வேண்டாம் என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். தலைவலி எப்போ ஆரம்பிச்சுது சார்?

"நீங்க ஆக்ஸிமீட்டர் வெச்சுட்டு இருந்தீங்களே, அப்பவே இருந்துச்சுங்க தம்பி. அதனாலதான கேட்டேன்."

அதை நான் யோசிக்கவே இல்லை. அதுவரை அவர் கேள்வியைப் பொதுவாகக் கேட்டது என்றுதான் வைத்திருந்தேன். என் பதிலைக் கேட்ட பிறகு அவர் மறைக்க முடிவு செய்தார் என்று மட்டும்தான் என்னைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சொல்லத்தான் வந்திருக்கிறார். எத்தனை பேர் சாதாரண உடம்புக்கே டாக்டரிடம் "என் ஃப்ரெண்டுக்கு இப்படி இருந்தா..." என்று தொடங்குகிறோம். அந்தக் கேள்வியே அறிகுறிதான். படிவத்தின் நான்கு கேள்வியில் அது இல்லாததால் நான் எழுதிக்கொள்ளவில்லை.

என் மௌனம் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "நீங்க வேற மாதிரி சொல்லியிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன் தம்பி. இத்தனை தூரம் வந்துட்டு யாரு சொல்லுவா?" என்றார். உண்மையாகவும் இருக்கலாம். என் மனசு ஆறட்டும் என்று சொல்லியிருக்கவும் கூடும், அப்படிப்பட்ட மனிதர்தான் அவர்.

அடுத்த சீசனில் வார்த்தையை மாற்றினேன். "தலைவலி வந்தா யாரையும் இறக்க மாட்டேன். சேர்ந்து ஒரு நாள் தங்குவோம். மறைச்சாதான் இறக்குவேன்." நல்ல பலன் இருந்தது. திங்போச்சேயில் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெண் தானாகவே வந்து தலைவலி, இரண்டு தடவை வாந்தி என்று சொன்னாள். தங்கினோம். மறுநாளும் குறையவில்லை, கூடத்தான் செய்தது. ஷெர்பா தம்பியைத் துணைக்குக் கொடுத்து பாங்போச்சேக்கு இறக்கினேன். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, அன்று சாயங்காலமே அவளுக்குத் தலைவலி போய்விட்டது. ஆனால் கிளம்பும்போது பை வாரை இறுக்கிக்கொண்டே கேட்டாள்: "நீங்கதானே அண்ணா இறக்க மாட்டேன்னு சொன்னீங்க?"

சொன்னேன்தான். முதலில் உண்மையைச் சொல்லி ஒருவரின் வாயை அடைத்தேன். அப்புறம் காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்து இன்னொருவரின் வாயைத் திறந்தேன். இரண்டாவதில் யாருக்கும் ஆபத்து வரவில்லை என்பதால் அதுதான் மேல் என்று சக வழிகாட்டிகள் சொல்கிறார்கள். உயிர் கணக்கில் அது சரி. என்னை நம்பிச் சொன்னவளின் முகம் அந்தக் கணக்கில் வருவதில்லை. நிஜப் பிரச்சினை வார்த்தையில் இல்லையோ என்றும் தோன்றுகிறது. வலியைக் கேட்டுக்கொள்கிறவனும் பயணத்தை முடித்துவைக்கிறவனும் ஒரே ஆள். எப்படிப் பேசினாலும் அது மாறாது.

போன மாதம் நாம்சேயில் இன்னொருவர் அதே கேள்வியைக் கேட்டார், கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில். பதில் சொல்லவில்லை. மற்றவர்கள் படுக்கப் போகும்வரை இருந்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு இப்போ வலிக்குதா சார்?" என்று கேட்டேன். "சேச்சே, சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்" என்றார்.

அன்று ராத்திரி இரண்டு தடவை எழுந்துபோய் அவர் அறைக் கதவுக்கு வெளியே நின்று மூச்சுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்தேன்.