ஏலத்துக்கு வந்த வீடு

பல்லாவரத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று வங்கி ஏலத்துக்கு வந்திருக்கிறது. அக்கம்பக்கத்து விலையை விட நன்றாகவே குறைவு. வீட்டில் மூன்று கட்சி. மனைவிக்கு ஆசை, அப்பாவுக்குச் சந்தேகம், அம்மாவுக்கு மனசே இல்லை. "அழுதுட்டுப் போறவங்க வீட்ல போய்ப் பால் காய்ச்சணுமாடா?" என்கிறார்.

எனக்கு உறுத்துவது வேறு. கடன் கட்டாதவர் அடமானம் வைத்த சொத்தை, கோர்ட்டில் வழக்குப் போடாமலே வங்கி எடுத்து விற்க வழி செய்யும் சர்ஃபாசி சட்டப்படி நடக்கும் ஏலம் இது. அறிவிப்பில் 'சிம்பாலிக் பொசெஷன்' என்று போட்டிருக்கிறார்கள். அதாவது காகிதத்தில்தான் வீடு வங்கி கையில். உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தோம். கதவில் ஒட்டிய நோட்டீஸ் பாதி கிழிந்திருந்தது. வாசலில் சின்னதாக இரண்டு ஜோடி ஸ்கூல் ஷூ. காலிங் பெல்லை அழுத்த யாருக்கும் கை வரவில்லை. அவர்கள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போய்த் தடை வாங்கிவிட்டால், நாங்கள் வாடகையும் கட்டி இஎம்ஐயும் கட்ட வேண்டும்.

பணக் கெடு அதை விட இறுக்கம். ஏலம் நமக்கு விழுந்தால் முன்பணத்தையும் சேர்த்து 25 சதவீதம் அன்றே, மிஞ்சினால் அடுத்த வேலை நாளில். விற்பனை உறுதியானதும் மீதி 15 நாளில். வங்கி எழுத்தில் சம்மதித்தால் 3 மாதம் வரை இழுக்கலாம். தவறினால் கட்டிய பணம் போச்சு. சொத்து வரி, மெயின்டனன்ஸ் பாக்கியும் நம் தலையில்தான். அதற்கெல்லாம் சேர்த்துத்தான் விலை குறைவு!

தாம்பரம் பக்கம் 'பிசிகல் பொசெஷன்' என்று இன்னொன்று வந்திருக்கிறது. காலி வீடு, சாவி வங்கியிடம். விலை கொஞ்சம் கூட. அப்பா இப்போது அதற்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். அம்மா இன்னும் வாய் திறக்கவில்லை.

இப்படி வாங்கியவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் வாங்க.