மூத்தவன் உள்ளே போனானா?

ஞாயிறு பிரசங்கத்துக்காக பைபிளில் லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தை மறுபடியும் எடுத்தேன். கெட்ட குமாரன் கதை தெரிந்ததுதானே, அரை மணி நேரத்தில் குறிப்பு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தவன் இரண்டு நாளாக மூத்த மகனிடமே மாட்டிக்கொண்டிருக்கிறேன். இயேசு சொன்ன கதை அது: இளைய மகன் தன் பங்குச் சொத்தை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டுத் திரும்பி வருகிறான், அப்பா சந்தோஷத்தில் விருந்து வைக்கிறார், மூத்தவனோ கோபத்தில் வீட்டுக்குள் போகாமல் வெளியே நின்று அப்பாவிடம் வாதாடுகிறான்.

அவன் பேச்சைக் கவனியுங்கள். "என் தம்பி" என்று அவன் வாயிலிருந்து வரவே இல்லை, "உம்முடைய குமாரனாகிய இவன்" என்கிறான் (வசனம் 30). அப்பாவோ 32-ல் "உன் சகோதரனாகிய இவன்" என்று அந்த உறவை அப்படியே அவனிடம் திருப்பிக் கொடுக்கிறார். அப்புறம், தம்பி வேசிகளிடம் சொத்தை அழித்தான் என்று அதே 30-ல் அவன் சொல்கிற சமாசாரம். 13-ஆம் வசனத்தில் இளையவன் துன்மார்க்கமாய் வாழ்ந்து சொத்தை அழித்தான் என்று மட்டும்தான் இருக்கிறது, வேசிகளைக் கதைக்குள் கொண்டுவருவது அண்ணன்தான், அதுவும் தம்பியை இன்னும் கண்ணால்கூடப் பார்க்காமல்! நான் எத்தனை முறை அதைக் கதையின் பகுதியாகவே பிரசங்கித்திருக்கிறேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களை விட்டுவிட்டுப் படித்தால் இதெல்லாம் கண்ணில் படாது. ஆயக்காரரும் (வரி வசூலிப்பவர்கள்) பாவிகளும் இயேசுவிடம் வருகிறார்கள்; யூத மதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த பரிசேயரும், அதைக் கற்பித்த வேதபாரகரும், இவர் பாவிகளைச் சேர்த்துக்கொள்கிறாரே என்று முறுமுறுக்கிறார்கள். காணாமற்போன ஆடு, காசு, மகன் எல்லாமே அந்த முறுமுறுப்புக்குப் பதிலாகச் சொன்னவை. இளையவனைத் தூரத்தில் கண்டதுமே அவனிடம் ஓடிய அதே அப்பா மூத்தவனுக்காகவும் வெளியே வந்து கெஞ்சுகிறார், சரி, அவன் உள்ளே போனானா? லூக்கா எழுதவில்லை.