பின் சில்லு சுருதி சேர்ந்த கதை

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம், புத்தளம் வழியால், சைக்கிளில் 400 கிலோமீற்றருக்கு மேல். பின் காரியரில் 25 கிலோ. ஒரு கம்பிகூட முறியவில்லை! பெருமையடிக்காமல் எழுத எனக்கு வராது. வைகாசியிலிருந்து மூன்று தரம் கம்பி முறித்த சில்லு அது. அதைப் பிரித்துத் திரும்பக் கட்டியது நான், நாலாம் மாடிப் பல்கனியில் பாயை விரித்துப்போட்டு.

சைக்கிள் என்னுடையதல்ல, என் கணவருடையது. நாகபட்டினத்தில் இறங்கி வடக்கே ஏறி நேபாளம் போவது, பிறகு தாய்லாந்திலிருந்து வியட்நாம் வரை என்று நாங்கள் போட்ட திட்டத்தில் சமையல் சாமான் முழுக்க அவர் பொறுப்பு. அதனால் பாரமும் அவர் பக்கம். முதல் கம்பி மாரவிலவில் போனது, இரண்டாவது சிலாபத்தில். மூன்றாவது காலி வீதியில், வீட்டுக்கு இரண்டு கிலோமீற்றர் இருக்கும்போது, சனமெல்லாம் பார்க்க. மூன்றுமே வலப்பக்கம், கசெற்றுக்கு, அதாவது பின் பற்சக்கர அடுக்குக்கு, பின்னால், சில்லின் நடுக்குடமான ஹப்பின் துளையில் வளைந்து நிற்கிற இடத்தில். ஒவ்வொரு தரமும் யாரோ ஒரு திருத்துநர் முறிந்ததை மாற்றி, நெளிவெடுத்து, "இனிப் பயப்பிடாமல் போங்கோ" என்றார். நாங்களும் பயப்படாமல் போனோம்.

இறுக்கம் கூடினதால்தான் முறிகிறது என்று நினைத்து நான் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் தளர்த்திவிட்டிருந்தேன். அதுதான் என் பெரிய பிழை. சில்லு ஒரு சுற்றுச் சுற்றும்போது நிலத்துக்கு நேராக வருகிற கம்பி ஒரு தரம் தளர்ந்து மறுபடி இறுகும். 26 அங்குலச் சில்லு 100 கிலோமீற்றர் ஓட 50,000 தரத்துக்குக் கிட்டச் சுற்றுகிறது. முதலே தளர்வாக இருக்கிற கம்பி அத்தனை தரமும் அந்த வளைவில் அசையும். கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்து முறிப்போமே, அதேதான். போதிய இறுக்கம் இருந்தால் அசைவும் குறையும், முறிவும் குறையும். இது மண்டையில் ஏற எனக்கு மூன்று கம்பி தேவைப்பட்டது.

சரி, முழுதாகப் பிரித்துக் கட்டுவோம் என்று டாம் வீதிக்குப் போனேன். "இரண்டு பக்கமும் 262 தான் மகள், எல்லாரும் அதுதான் போடுறது" என்றார் கடைக்காரர், கம்பியின் நீளத்தை மில்லிமீற்றரில். நம்பி வாங்கினேன். கசெற் இருக்கிற சில்லில் வலப்பக்கக் கம்பி குட்டையாக இருக்கவேண்டும் என்று தெரிந்திருந்தும் வாங்கினேன் என்பதுதான் கேவலம். இடப்பக்கம் ஒருவாறு சரிவந்தது. வலப்பக்கம் இறுக்கம் வருமுன்னமே மரை முடிந்து நிப்பிள், றிம் பக்கத்தில் கம்பியை இறுக்குகிற சின்னத் திருகு, நின்றுவிட்டது. போதாததற்கு, முதற் கம்பியை ஒரு துளை தள்ளிப் போட்டதில் வால்வு நேரே கம்பி குறுக்கிடும் இடுக்குக்குள் வந்து, பம்பின் வாயை உள்ளே விடவே இடமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் அப்படிப் போனது.

பிறகுதான் ஒழுங்காக அளந்தேன். இதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன், ஏனென்றால் றிம்மில் ஒட்டியிருக்கிற அளவையோ கடைக்காரரின் சொல்லையோ நம்பி ஏமாறுகிறவர்கள் நான் ஒருத்தி மட்டுமல்ல. பழைய கம்பி இரண்டை எடுத்து, மரைப் பக்கத்திலிருந்து சரியாக 200 மில்லிமீற்றரில் வெட்டி அராவினேன். நிப்பிளின் தலைவெட்டு வரை கம்பியைத் திருகி, முதல் துளையிலும் அதற்கு நேரெதிரே 19ஆம் துளையிலும் போட்டு இழுத்துப் பிடித்தால் நடுவில் ஒரு இடைவெளி வரும். எனக்கு 140 வந்தது. இரண்டு கம்பியின் 400ஐக் கூட்டினால் 540, கம்பிக் கணக்குக்கு வேண்டிய றிம் விட்டம் அதுதான். அதை மூன்று இடத்தில் செய்து பார்த்தேன், அரை மில்லிமீற்றருக்குள்தான் வித்தியாசம். ஹப்பையும் அளந்து, 36 கம்பி, மூன்று குறுக்கு (ஒரு கம்பி வேறு மூன்றைக் குறுக்கிடுகிற பின்னல்) என்று கணக்குப் போட, வலம் 259, இடம் 261. சந்தையில் பெரும்பாலும் இரட்டை எண்ணில்தான் கிடைக்கும். நீளம் கூடினால் என்ன நடக்கும் என்று பட்டுவிட்டதால் 258உம் 260உம் என்று இறங்கிப் போனேன்.

கம்பி வந்தது கனடாவின் ஸ்காபரோவிலிருந்து. மச்சாளின் சூட்கேசில், பால்மாப் பெட்டிக்கும் சப்பாத்துக்கும் நடுவில், 40 கம்பி. இரண்டு முனையும் 2 மில்லிமீற்றர், நடு 1.8. நடு மெலிவதால் அது கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும், வளைவுக்குப் போகிற அடி குறையும். இங்கே கிடைத்ததெல்லாம் முழுக்க ஒரே தடிப்பு. 2022இல் பெற்றோல் இல்லாமல் ஊரே சைக்கிளுக்கு மாறியபோது ஏறின விலை இறங்கவும் இல்லை. நிப்பிளைத் திருகுகிற சாவியும் மச்சாள்தான் கொண்டுவந்தா, 3.23 மில்லிமீற்றர் வாயுள்ள கறுப்பு. ஐந்தாறு அளவை ஒன்றாக வெட்டின வட்டச் சாவி ஒன்று கடைகளில் தொங்குமே, அதைத் தொடாதீர்கள். நிப்பிளின் மூலையை வழித்துவிடும், பிறகு குறடுதான் கதி.

இனி இறுக்கம். அதை அளக்கிற மீற்றர் வாங்கக் காசில்லை. கம்பியைச் சுண்டிக் கேட்பார்கள் என்பது தெரியும். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில் நாலாம் தரத்தோடு நின்றுபோனவள் நான், அந்தப் படிப்பு ஒரு நாள் உதவும் என்று அம்மாகூட எதிர்பார்த்திருக்கமாட்டா. என் ஹப்பில் நடுக்கோட்டிலிருந்து வலது விளிம்பு 20 மில்லிமீற்றர், இடது விளிம்பு 35. றிம் நடுவில் நிற்கவேண்டுமானால் இடப்பக்க இறுக்கம் வலப்பக்க இறுக்கத்தில் 57 சதவீதம்தான் இருக்கும். சுருதி இறுக்கத்தின் வர்க்கமூலத்தோடு போவது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் விகிதம் நாலுக்கு மூன்று. இடப்பக்கம் ஸ என்றால் வலப்பக்கம் சுத்த மத்திமம்! அன்றிரவு எனக்கு நித்திரையே வரவில்லை.

பெருவிரல் நகத்தால், குறுக்கிடும் இடத்துக்கும் றிம்முக்கும் நடுவில் சுண்டவேண்டும். தம்புரா செயலியைப் போட்டுக்கொண்டு முதலில் வலப்பக்கம் பதினெட்டையும் ஒரே சுரத்துக்குக் கொண்டுவந்தேன். ஒன்றை ஏற்றினால் பக்கத்தில் இரண்டு இறங்கும். நெளிவெடுத்தால் சுருதி கெடும், சுருதி பார்த்தால் நெளியும். நாய் வாலை நிமிர்த்துகிற வேலைதான். மெல்லிய கம்பி நிப்பிளோடு சேர்ந்து முறுகவும் செய்யும். அதனால் அரைச் சுற்று வேண்டுமென்றால் முக்கால் திருப்பி, கால் பின்வாங்கவேண்டும். நடுநடுவே மரீன் டிரைவ் பக்கம் ரயில் போகும், ஒன்றும் கேட்காது. அவர் எட்டிப் பார்த்து, "என்ன, கச்சேரியோ வைக்கிறீர்?" என்றார். "இஞ்ச வாங்கோ, இதைக் கேளுங்கோ. இது ஸ, இது ம." "எனக்கு இரண்டும் டிங்தான்" என்று சொல்லிவிட்டுப் பருப்பைக் கிளறப் போய்விட்டார். அவருடைய சில்லு!

கடைசியாக ஒரு வேலை. சமாந்தரமாக நிற்கும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் நெரித்துப் பிடித்தேன், சில்லு முழுக்க, இரண்டு சுற்று. கம்பிகள் இருக்கையில் போய் அமர்கிற சத்தம் கிணுக், கிணுக் என்று வந்தது. திரும்பச் சுண்டினால் எல்லாமே அரைச் சுரம் இறங்கியிருந்தன. மறுபடி ஏற்றினேன். கணக்குப் பார்க்கவில்லை, ஆறு மணித்தியாலத்துக்குக் குறையாது.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புத்தளம் வரை வெயில், அநுராதபுரத்தில் ஒருநாள் ஓய்வு, வவுனியாவுக்கு அங்காலே A9 வீதி. ஆனையிறவில் சோளகக் காற்று இடப்பக்கத்தால் தள்ளின தள்ளில் பைகளோடு சேர்ந்து இவர் வீதி நடுவுக்கே போய்விட்டார். எனக்கு ஒரு பஞ்சர், அவ்வளவுதான். அதற்கே முறையிட்டபோது அவர் வேர்க்மன் தம்பதியின் கதையை எடுத்தார். 1897 நவம்பரில் வெளிக்கிட்டு, இந்தியா, பர்மா, இலங்கை, ஜாவா என்று இரண்டரை வருடத்தில் 14,000 மைல் போன அமெரிக்கர்கள். ஃபன்னி புல்லக் வேர்க்மனுக்கு அப்போது 38 வயது, கணவருக்கு 50. சில நாட்களில் 40 பஞ்சர் வரை ஒட்டினார்களாம். எனக்கும் 38தான். ஆனால் நாற்பது ஒட்டுவதென்றால் நான் நாகபட்டினத்திலேயே சைக்கிளை விற்றுவிடுவேன்.

காங்கேசன்துறையில் கப்பலுக்குச் சைக்கிளை எப்படிக் கட்டிக் கொடுப்பது என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அதற்குள் இவர் தஜிகிஸ்தான் வரைபடத்தை விரித்துவிட்டார். பாமிர் வீதியில் அக்-பைத்தால் கணவாய் 4,655 மீற்றராம். எங்கள் பிதுருதலாகல உச்சியே 2,524தான். முதலில் நேபாளத்துக்குப் போகிற ரக்சோல் எல்லையைத் தாண்டுங்கோ, பிறகு பார்ப்போம் என்றிருக்கிறேன்.

எனக்கு இப்போது வேறு கவலை. வலப்பக்கம் வழியில் முறிந்தால் கசெற்றைக் கழற்றாமல் புதுக்கம்பி போட முடியாது. கழற்ற நீளச் சாவியும், பற்சக்கரத்தைச் சுழலாமல் பிடிக்கிற செயின் சாட்டையும் வேண்டும், இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு கிலோ. பிறேமில் முட்டுக்கொடுத்துப் பெடலை மிதித்தே கழற்றுகிற சின்னத் துண்டு ஒன்று இருக்கிறது. பஞ்சிகாவத்தையில் லேத் வைத்திருக்கிற ஒருவரிடம் படம் வரைந்து கொடுத்திருக்கிறேன், அடுத்த கிழமை வரச் சொன்னார். முன் சில்லை இன்னும் தொடவேயில்லை. 40 கம்பியில் மிச்சம் நாலு, பக்கத்துக்கு இரண்டு. அவற்றை இருக்கைக் குழாய்க்குள் சுருட்டின துணியோடு செருகியாயிற்று.

இன்று விடிய ரயில் போய் முடியும்வரை காத்திருந்து வலப்பக்கத்தை ஒரு சுற்றுச் சுண்டிப் பார்த்தேன். வால்விலிருந்து ஐந்தாவது மட்டும் மத்திமத்துக்குக் கொஞ்சம் கீழே. கால் சுற்றுக் கொடுத்தேன்.