அட்மிஷன் ஆயிற்று, படுக்கைதான் இல்லை

நிமோனியா என்று உறுதியானதும், "அட்மிஷன் போட்டாச்சு ஐயா, வார்டுல பெட் காலியானதும் மேல அனுப்பிடுவோம்" என்றார் டூட்டி டாக்டர். அதுவரை எமர்ஜென்சியின் நடைபாதையில் ஸ்ட்ரெச்சர்தான். எனக்கு வயது 75, பார்க்கின்சன் என்ற நடுக்குவாத நோய் வேறு.

படுக்கை கிடைக்காததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான் யாருடைய நோயாளி என்பதில்தான் சிக்கல். எமர்ஜென்சிக்காரர்களுக்கு நான் பார்த்து முடித்த கேஸ். வார்டுக்காரர்களுக்கு இன்னும் வராத கேஸ். ஆன்டிபயாடிக் ஊசி நேரத்துக்கு ஏறியது, குறை சொல்ல மாட்டேன். பார்க்கின்சனுக்காக நான் வழக்கமாகச் சாப்பிடும் லெவோடோபா மாத்திரையை மட்டும் யாரும் சார்ட்டில் எழுதவில்லை.

அது ரத்தத்தில் சுமார் ஒன்றரை மணி நேரத்திலேயே பாதியாகிவிடும் மருந்து. ஒரு வேளை தள்ளிப்போனாலே உடம்பு மரக்கட்டையாகிவிடும். நடுக்கம் போகட்டும், விழுங்குவதே கஷ்டமாகிவிடும். விழுங்க முடியாமல் தண்ணீரோ சாப்பாடோ நுரையீரலுக்குள் போனால், ஏற்கெனவே இருக்கிற நிமோனியா என்ன ஆகும்?

என் மகள் கேட்டபோது, "டாக்டர் எழுதினாத்தான் நான் கொடுக்க முடியும்மா" என்றார் சிஸ்டர். அவர் சொன்னது நியாயம்தான். இத்தனை பேருக்கு நடுவில் அந்த டாக்டரைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. மகள் வைத்திருந்த காகிதத்தில் மாத்திரை பெயர், அளவு, மணி எல்லாம் இருந்தன. "காலை, மதியம், இரவுன்னு எழுதாதீங்க டாக்டர், மணியைப் போட்டு எழுதுங்க" என்று கேட்டாள். எழுதினார். வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரையையே கொடுக்கவும் அனுமதித்தார்.

அந்தக் காகிதம் இன்னொரு முறையும் காப்பாற்றியது. குமட்டலுக்கு மெட்டோகுளோபிரமைடு ஊசி போட வந்தார்கள். உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற ரசாயனத்தை அது மூளையில் தடுக்கும், பார்க்கின்சன்காரர்களுக்கு ஆகாது. டாக்டர் இதயத் துடிப்பு சரியா என்று ஈசிஜி பார்த்துவிட்டு, மூளைக்குள் அதிகம் போகாத டோம்பெரிடோனுக்கு மாற்றினார்.

ஸ்ட்ரெச்சர் மெத்தை வெகுநேரம் படுப்பதற்காகச் செய்ததல்ல. எனக்குத் தானாகப் புரளவும் வராது. முதுகின் அடியில் எரிச்சல் தொடங்கியதும் மகள் கேட்டுக் கேட்டு ஆட்களை வரவழைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தாள். குதிகால் மெத்தையில் படாமலிருக்கக் கெண்டைக்காலுக்குக் கீழே போர்வையைச் சுருட்டி வைத்தாள். இரவிலும் விளக்கை அணைக்கவில்லை. பக்கத்து ஸ்ட்ரெச்சர் பெரியவருக்கு விடியற்காலையில் எங்கே இருக்கிறோம் என்பதே பிடிபடாமல் போய்விட்டது. அவருடைய கண்ணாடியும் காது மெஷினும் பைக்குள்ளேயே இருந்தன. அவற்றை எடுத்துப் போட்டுவிட்ட பிறகு கொஞ்சம் அடங்கினார்.

படுக்கை எப்போது கிடைக்கும் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தோம். மேலே குணமானவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் வண்டிக்கும் காத்திருக்கிறார்கள், அவர்கள் போய்ப் படுக்கையைச் சுத்தம் செய்யச் சாயங்காலம் ஆகிவிடும் என்று ஒரு சிஸ்டர் விளக்கினார். அது தெரிந்த பிறகு கேட்பதை நிறுத்திவிட்டோம்.

வார்டுக்குப் போனதும் புதுச் சார்ட். மாத்திரை மறுபடி "மூன்று வேளை" ஆகியிருந்தது. மறுபடி காகிதம், மறுபடி திருத்தம். வீட்டுக்கு அனுப்பும்போது சம்மரியிலும் அதே கதை. மணியைப் போட்டுத் திருத்தித் தந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.