இரண்டு பவுண்டு, ஒரு தரம்!

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில், சாலிஸ்பரியிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் உள்ள சிற்றூர் ஒன்றுக்கு நாங்கள் குடிவந்த முதல் ஆண்டில், உணவு வங்கிக்கு வாரம் இருமுறை வேலைக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னது பெரும்பிழையாகப் போயிற்று. திருநெல்வேலியில் வங்கி ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் காசாளராக இருந்துவிட்டு, மனைவிக்கு இங்கே செவிலியர் பணி கிடைத்ததால் விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டு பின்னால் வந்தவன் நான். உணவு வங்கி என்பது இல்லாதவர்களுக்கு உணவுப் பொருள்களை இலவசமாகக் கொடுக்கும் இடம். “வங்கி” என்ற சொல்லை மட்டும் காதில் வாங்கிக்கொண்ட அம்மா, அன்று மாலை ஆராதனை முடிவதற்குள் மெஞ்ஞானபுரத்தைச் சுற்றியுள்ள மூன்று ஊர்களுக்குச் செய்தியைச் சேர்த்துவிட்டார்.

“ஏய்யா, வெளிநாட்டு பேங்க்ல சம்பளம் எம்புட்டுய்யா?” என்று மறுநாள் கேட்டார்.

சம்பளம் கிடையாது, தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் தருவார்கள் என்றேன்.

“அப்ப அங்க என்னத்தத்தான்யா எண்ணுத?”

“பீன்ஸ் டப்பா, அம்மா.”

மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு அவர் மருமகளிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னார்.

அம்மாவைக் குழப்பியது அது மட்டுமன்று. எங்கள் பக்கத்தில் குருவானவரை “ஐயர்” என்றும் அவர் மனைவியை “ஐயரம்மா” என்றும் அழைப்பதே வழக்கம். இந்த ஊர் ஆங்கிலிக்கன் சபையின் குருவானவரோ ஒரு பெண்மணி. இங்கிலாந்துத் திருச்சபையில் 1994 முதலே பெண்கள் குருப்பட்டம் பெற்று வருகிறார்கள் என்பதால் இங்கே அது பேச்சுக்குரிய செய்தியே அன்று. ஆனால் “ஐயரம்மா வந்து பிரசங்கம் பண்ணினார்” என்று நான் சொன்னபோது, “ஐயருக்கு உடம்புக்கு ஆகலியா?” என்று அம்மா பதறினார். ஐயரே அவர்தான் என்று விளக்கியதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப ஐயரம்மா யாரு?” என்று கேட்டார். ஓய்வுபெற்ற பொறியாளரான, ஆறடி இரண்டங்குல உயரமுள்ள ஐயரம்மாவை நான் அவருக்கு வருணிக்க வேண்டியிருந்தது. அன்று முதல் எங்கள் வீட்டில் அந்தப் பெரியவருக்கு அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

மற்றபடி இந்தச் சபையில் எனக்கு அந்நியமாகத் தோன்றியது மிகக் குறைவு. 1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதற்குள் வந்து சேர்ந்த ஆங்கிலிக்கன் மரபில் வளர்ந்தவன் ஆதலால், எங்கே எழ வேண்டும், எங்கே முழங்கால்படியிட வேண்டும் என்பது இவர்களுடைய உச்சரிப்பு புரிவதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. ஐந்து ஊர்களின் ஆலயங்களை ஒரே ஐயர் காரில் ஓடி ஓடிப் பார்த்துக்கொள்கிறார் என்று கேட்டபோதும், சேகரம் என்றால் அப்படித்தானே என்று இருந்தேன். புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது ‘ரோட்டா’ என்னும் முறைப் பட்டியல் ஒன்றைத்தான். காபி போடுவதற்கு ஒரு ரோட்டா, பூ அடுக்குவதற்கு ஒன்று, வேதபாடம் வாசிப்பதற்கு ஒன்று, ஆலயத்து வெள்ளிப் பாத்திரங்களைத் துலக்குவதற்கு ஒன்று. விசுவாசப் பிரமாணத்தில் ஐயம் எழுப்புகிறவரைக் கூட இவர்கள் தேநீர் கொடுத்து உட்காரவைத்துக் கேட்பார்கள். ரோட்டாவில் தம் முறையைத் தவறவிட்டவரை மன்னிப்பதற்குச் சில மாதங்கள் ஆகும்.

உணவு வங்கி இயங்குவது ஆலயத்தை ஒட்டிய கூடத்தில். இந்நாட்டு உணவு வங்கிகளில் பெரும்பாலானவற்றை இணைக்கும் டிரசல் அமைப்பு தன் முதல் உணவு வங்கியை 2000ஆம் ஆண்டில் தொடங்கியது எங்களுக்கு அருகிலிருக்கும் இதே சாலிஸ்பரியில்தான். பேடி, கேரல் ஹென்டர்சன் தம்பதியரின் தோட்டத்துக் கொட்டகையிலும் கார் நிறுத்துமிடத்திலும் ஆரம்பித்த வேலை அது. அந்த அமைப்பைச் சேர்ந்த வங்கிகள் மட்டுமே 2023–24இல் 31 லட்சத்துக்கும் மேற்பட்ட பொட்டலங்களைக் கொடுத்திருக்கின்றன. வழிமுறை எளியது. மருத்துவரோ பள்ளியோ ஆலோசனை மையமோ எழுதிக்கொடுத்த சீட்டுடன் ஒருவர் வருவார். நாங்கள் குறைந்தது மூன்று நாளைக்கான உணவைப் பையில் அடுக்கிக் கொடுப்போம். யூனிவர்சல் கிரெடிட் என்னும் அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவருக்கு முதல் பணம் கையில் வருவதற்கே ஐந்து வாரம் ஆகிறது என்பதால், அந்த ஐந்து வாரத்தில் ஏதோ ஒரு வாரத்தைத் தள்ளிக்கொண்டு எங்கள் கதவைத் தட்டுகிறவர்கள் ஏராளம்.

என் வேலை, வருகிற டப்பாக்களை எடைபோட்டு, காலாவதித் தேதியைத் தேடிக் கண்டுபிடித்து, ஆண்டையும் மாதத்தையும் கறுப்பு மையால் பெரிதாக மேலே எழுதி அடுக்குவது. தேதியைத் தேடுவது சாதாரண காரியமன்று. சிலர் அதை மூடியின் விளிம்பிலும், சிலர் அடிப்பாகத்திலும், சிலர் லேபிளுக்கு அடியிலும் ஒளித்துவைக்கிறார்கள். ஒருமுறை 2003 என்று தேதியிட்ட அன்னாசித் துண்டு டப்பா ஒன்று வந்தது. எங்கள் தன்னார்வலர்களில் ஒரு கல்லூரி மாணவியை விட அது மூத்தது. கள்ள நோட்டைக் கண்டுபிடித்த அதே பூரிப்புடன் அதை உயர்த்திக் காட்டினேன்.

எங்கள் ஒருங்கிணைப்பாளர் அம்மையாரின் தீராத கவலை பீன்ஸ். மனிதர்களுக்கு ஏழைகளைப் பற்றி நினைப்பு வந்தால் தக்காளிச் சாற்றில் ஊறிய பீன்ஸும் பாஸ்டாவும்தான் நினைவுக்கு வருமோ என்னவோ, அந்த இரண்டு அலமாரிகளும் கூரையைத் தொட்டுக்கொண்டிருக்க, நாள்பட வைத்திருக்கும் பெட்டிப்பால் அலமாரி மட்டும் காலியாகவே கிடக்கும். ஒற்றை அறையில் தங்கி, அடுப்பே இல்லாமல் கெட்டில் மட்டும் வைத்திருப்பவர்களுக்கென்று வெந்நீர் ஊற்றினாலே உண்ணக்கூடியவற்றைத் தேர்ந்து தனிப் பை ஒன்று கட்டுவோம். அதற்குப் பாஸ்டாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? டப்பாவைக் கொடுத்துவிட்டு, அதைத் திறக்க டின் ஓப்பனர் இருக்கிறதா என்று கேட்க மறந்துபோய், வீட்டுக்குப் போனவர் மழையில் திரும்பி வந்து நின்றதும் உண்டு.

செப்டம்பர் பிறந்தது, அறுப்பின் பண்டிகை நெருங்கியது. கார்ன்வாலில் மோர்வென்ஸ்டோ என்னும் ஊரின் குருவானவர் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் 1843இல் நடத்திய ஸ்தோத்திர ஆராதனையிலிருந்து இந்நாட்டில் பரவிய பண்டிகை அது. “மறுபடியும் நானூறு டப்பா பீன்ஸ் வரப்போகிறது” என்று ஒருங்கிணைப்பாளர் பெருமூச்சு விட்டார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். எங்கள் ஊரில் பண்டிகைக்குப் படைக்கும் காய்கனிகளை ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவோம், ஒரு கட்டு முருங்கைக்காய் ஆயிரம் ரூபாய்க்குப் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், அந்தப் பணத்தில் நமக்கு வேண்டிய பாலை வாங்கலாமே என்றேன். ஐயர் மகிழ்ந்துபோய், ஏலம் விடும் பொறுப்பையும் என்னிடமே கொடுத்துவிட்டார். யோசனை சொன்னவன் தலையிலேயே வேலையைக் கட்டுவதில் எந்தத் திருச்சபையும் எந்தத் திருச்சபைக்கும் இளைத்ததன்று.

பண்டிகையன்று ஆலயம் அழகாக இருந்தது. ஜன்னல் மாடங்களில் ஆப்பிள்களும், பலிபீடப் படிகளில் டப்பாக்களும் (பீன்ஸ்தான்), நடுவே ஒரு மாரோவும் இருந்தன. மாரோ என்பது சுரைக்காய்க்கும் வெள்ளரிக்காய்க்கும் பிறந்த பிள்ளை போன்ற ஒரு காய். பறிக்க மறந்த கோர்ஜெட் (சுக்கினி) இப்படி வளர்ந்துவிடுகிறது. இது கைக்குழந்தை அளவுக்கு இருந்தது. அதற்குப் பக்கத்தில், கோதுமைக் கதிர்க்கட்டு வடிவத்தில் சுட்ட பெரிய ரொட்டி ஒன்று. கதிரின் தாளில் ஒரு சிறிய எலி ஏறுவது போல மாவிலேயே செய்திருந்தார்கள், கண்ணுக்குத் திராட்சை வைத்து.

ஆராதனைக்குப் பின் காபி கோப்பையுடன் எல்லோரும் கூடினார்கள். நான் மாரோவைத் தூக்கிப் பிடித்து ஆரம்ப விலை கேட்டேன். நெடுநேரம் கழித்து, முன்வரிசையில் இருந்த எண்பதைத் தாண்டிய மூதாட்டி, யாரும் கேட்கவில்லையே என்னும் இரக்கத்தில், “இரண்டு பவுண்டு” என்றார். “இரண்டு பவுண்டு, ஒரு தரம்!” என்று ஆங்கிலத்தில் முழங்கினேன். பின்வரிசையில் ஒரு பெரியவர் “மூன்று” என்றார். உடனே மூதாட்டி திரும்பிப் பார்த்து, “ஐயோ, உங்களுக்கு வேண்டுமா? நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். பெரியவர் முகம் சிவந்து, “இல்லை இல்லை, நீங்கள்தானே முதலில் கேட்டீர்கள், மன்னிக்க வேண்டும், நான் விலகிக்கொள்கிறேன்” என்றார். மூன்றிலிருந்து மீண்டும் இரண்டுக்கு வந்தது விலை. இருபத்திரண்டு ஆண்டுகள் பணத்தோடு புழங்கியவன், ஏலத்தில் விலை இறங்குவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஆப்பிள் கூடைக்கும் அதே கதி. சட்னி குப்பிக்கும் அதே கதி. ஒருவர் கேட்டுவிட்டால் அது அவருடையது. அதற்கு மேல் கேட்பது வரிசையில் இடையே நுழைவதற்குச் சமம் என்று இவர்கள் கருதுகிறார்கள் என்பது மெல்ல எனக்கு விளங்கியது. எங்கள் ஊரில் ஏலம் என்றால் மச்சானும் மச்சானும் மீசையை முறுக்கிக்கொண்டு ஒரு சேவலை விண்ணுக்கு ஏற்றுவார்கள். இங்கே பதினொரு பொருள் விற்று மொத்தம் 21 பவுண்டு.

அந்த நேரத்தில் மூதாட்டி மாரோவுடன் என்னிடம் வந்து, தயக்கத்துடன், இதை நீங்களே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். ஏன் என்று வினவினேன். “இது என் தோட்டத்துக் காய்தான். வீட்டில் இன்னும் ஆறு கிடக்கிறது” என்றார். தான் கொண்டுவந்து படைத்ததைத் தானே காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்! எங்கள் ஊரில் ஏலத்தில் எடுத்ததைச் சிலர் மறுபடியும் ஆலயத்துக்கே கொடுத்துவிடுவார்கள், அதை மீண்டும் ஏலம் விடுவோம் என்று நான் எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினேன்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. “அப்படியென்றால் வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லையா?” என்று ஒருவர் கேட்டார். வேண்டியதில்லை என்றேன். “நிச்சயமாக?” என்றார் இன்னொருவர். இத்தனை நேரமும் அவர்களைத் தடுத்தது மரியாதை மட்டுமன்று, அச்சமும் கூட என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. செப்டம்பரில் இந்த ஊரில் மாரோ இல்லாத வீடே கிடையாது. பூட்டாத காரின் பின்னிருக்கையில் இரவோடு இரவாக மாரோவை வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு என்பார்கள். வெற்றி பெற்றால் மாரோ கிடைத்துவிடும் என்றுதான் அத்தனை பேரும் வாய்மூடி இருந்திருக்கிறார்கள்.

அந்த அச்சம் நீங்கியதும் கைகள் உயர்ந்தன. மாரோ ஐந்துக்குப் போய்த் திரும்பி வந்தது, எட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது. எட்டு முறை விற்று 64 பவுண்டு சேர்ந்தது. சிறுவன் ஒருவன் தன் கைச்செலவுக் காசில் ஒரு பவுண்டு கொடுத்து, இரண்டு நிமிடம் அதற்கு உரிமையாளனாக இருந்தான்.

இவ்வளவுடன் நிறுத்தியிருக்க வேண்டும். கூட்டம் சூடேறிவிட்டால் ஏலக்காரனுக்கு நிதானம் இருப்பதில்லை. நான் பலிபீடப் படியிலிருந்த கதிர்க்கட்டு ரொட்டியைத் தூக்கினேன். எதிர்பார்த்ததை விடக் கனமாக இருந்தது. முழுக் கோதுமை போலும் என்று எண்ணிக்கொண்டேன். இருபது, இருபத்தைந்து, முப்பது என்று ஏறி, 35 பவுண்டுக்கு நம் ஐயரம்மா எடுத்துவிட்டார். “மூன்று தரம்!” என்று நான் முடித்த அதே கணத்தில், காணிக்கையை எண்ணிவிட்டு உள்ளறையிலிருந்து வெளியே வந்த சர்ச் வார்டன் என்னும் சபை நிர்வாகி, ரொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து நிறம் வெளுத்தார்.

ஐயரம்மா ரொட்டியை விரல் முட்டியால் தட்டினார். மரக்கதவைத் தட்டிய ஓசை எழுந்தது.

அது 2011இல் சுட்ட ரொட்டி. கெடாதிருக்க மூன்று கை வார்னிஷ் பூசி, ஆண்டுதோறும் அலமாரியிலிருந்து எடுத்துவைத்துத் திரும்பப் பூட்டிவைக்கிறார்கள். தேதி எழுதாத ஒரே பண்டத்தை நான் பார்க்காமல் விட்டிருந்தேன். வார்டன் குரலை உயர்த்தவில்லை. ஆலயத்தின் அசையும் பொருள்கள் யாவும் சட்டப்படி வார்டன்களின் உடைமை என்றும், அவற்றை விற்பதற்குத் திருமண்டல நீதிமன்றத்தின் சான்சலர் என்னும் நீதிபதியிடமிருந்து ‘ஃபாகல்டி’ என்னும் அனுமதி ஆணை பெற வேண்டும் என்றும், தன் நினைவுக்கு எட்டியவரை எந்த ரொட்டிக்காகவும் எவரும் அதற்கு விண்ணப்பித்ததில்லை என்றும் மிகுந்த மரியாதையுடன் எடுத்துரைத்தார். ஐயரம்மா ரொட்டியைத் திருப்பிக் கொடுத்தார். 35 பவுண்டைத் திருப்பி வாங்கிக்கொள்ள மறுத்தார்.

மொத்தம் 120 பவுண்டு. மறு செவ்வாய்க்கிழமை ஒருங்கிணைப்பாளர் பெட்டிப்பாலும் பழ டப்பாக்களும் ஆறு டின் ஓப்பனர்களும் வாங்கிவந்தார். கடைசியில் யாரும் உரிமை கொண்டாடாத மாரோவை நான் வீட்டுக்குத் தூக்கிவந்தேன். பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு, பிறகு சாம்பார், பிறகு அடை என்று வெள்ளிக்கிழமை வரை அது தீரவில்லை. சனிக்கிழமை காலை வாசலில் இன்னொன்று கிடந்தது.

சபை மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் ரொட்டி விவகாரம் ஐந்தாம் பொருளாக எடுத்துக்கொள்ளப்பட்டு, நாற்பது நிமிடம் விவாதிக்கப்பட்டது. ஏலம் ஆண்டுதோறும் தொடரட்டும் என்றும், அதற்கு ஒரு ரோட்டா போடப்படும் என்றும் முடிவாயிற்று. இப்போது அந்த ரொட்டி பூட்டிய அலமாரியில், எலியின் கழுத்தில் நூலால் கட்டிய சிறிய அட்டையுடன் இருக்கிறது. வார்டனின் முத்து முத்தான கையெழுத்தில் அதில் எழுதியிருப்பது: “விற்பனைக்கு அன்று.”