இஞ்சி முதலில், பால் பிறகு

பல ஆண்டுகளாக நான் மசாலா தேநீர் போட்ட விதம் மிக எளிது. பால், தண்ணீர், தேயிலைத் தூள், தட்டிய இஞ்சி, ஏலக்காய் என எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டி அடுப்பில் ஏற்றிவிட்டு, பொங்கி வரும் நேரத்தில் இறக்கிவிடுவேன். பெரும்பாலும் நன்றாகவே வந்தது. ஆனால் மாதத்திற்கு ஒருமுறையாவது, வடிகட்டும்போது தேயிலைச் சக்கையோடு வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் தங்கும். கீழே இறங்கிய தேநீரோ பருப்புக் கழுவிய தண்ணீர் போல வெளிறிக் கிடக்கும். பால் பழையது என்று பழியைப் பாலின்மேல் போட்டுவிட்டுக் கொட்டிவிடுவேன். அன்று காலையில் வாங்கிய பாலும் அதேபோல் திரிந்தபோதுதான் இஞ்சியின்மேல் சந்தேகம் விழுந்தது.

பச்சை இஞ்சியில் சிஞ்சிபெய்ன் என்னும் நொதி இருக்கிறது. புரதத்தைத் துண்டாடுவது அதன் வேலை. பாலில் உள்ள கேசீன் புரதம் அதனிடம் அகப்பட்டால் பால் திரிந்துவிடுகிறது. இந்த நொதி ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் மிகச் சுறுசுறுப்பாக இயங்கும். கொதிநிலையை எட்டினால் செயலிழந்துவிடும். ஆகவே, இஞ்சி போட்ட பாலைச் சிறு தீயில் வைத்துவிட்டு நாம் வேறு வேலையில் மூழ்கியிருக்கும்போது, அதற்குத் தேவையான நேரத்தையும் சூட்டையும் நாமே தந்துவிடுகிறோம். யோசித்துப் பார்த்தால், எனக்குத் திரிந்த நாட்கள் எல்லாமே அடுப்பைச் சிம்மில் வைத்த நாட்கள்தாம்.

இப்போது இரண்டு பேருக்கு ஒரு கோப்பைத் தண்ணீரும் அதைவிடச் சற்றுக் கூடுதலான பாலும் எடுத்துக்கொள்கிறேன். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு, கட்டைவிரலின் முதற்கணு அளவு இஞ்சியை நன்றாகத் தட்டிப் போட்டு, 3 அல்லது 4 நிமிடம் கொதிக்கவிடுகிறேன். தண்ணீர் வெளிர் மஞ்சளாக மாறி, ஆவியிலேயே காரம் மூக்கில் ஏறினால் போதும். பாலுக்கு இனி ஆபத்தில்லை. சுக்கு வைத்திருப்பவர்கள் அளவை வெகுவாகக் குறைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் காயும்போது இஞ்சிக்குக் காரம் தரும் ஜிஞ்சரால் என்னும் பொருள் ஷோகால் என்னும் வேறொரு பொருளாக மாறுகிறது. ஷோகாலுக்குக் காரம் அதிகம்.

இஞ்சியோடு ஒரு சிறு துண்டுப் பட்டையையும், 4 மிளகையும், ஒரே ஒரு கிராம்பையும் சேர்க்கிறேன். கிராம்பில் கை தாராளமானால் அதன் மணத்துக்குக் காரணமான யூஜெனால் என்னும் பொருள் மற்ற எல்லா மணத்தையும் விழுங்கிவிட்டு, தேநீரைப் பல்வலி மருந்தாக்கிவிடும். மிளகின் காரம் தண்ணீரில் எளிதாகக் கரையாது, கொழுப்பில்தான் கரையும். பால் விட்ட பிறகுதான் அது தொண்டையில் தெரிகிறது. கடையில் விற்கும் தேநீர் மசாலாப் பொடி எனக்கு ஒத்துவரவில்லை. அரைத்து வைத்த பொடியில் மணம் நாளுக்கு நாள் குறைவதோடு, அடிக்கோப்பையில் வண்டலும் நிற்கிறது.

அதன்பிறகு 2 தேக்கரண்டி தேயிலைத் தூள். குருணையாக உருட்டிய சிடிசி தூள் 2 நிமிடத்தில் சாற்றை இறக்கிவிடும், பாலின் கொழுமைக்கும் ஈடுகொடுக்கும். இலையாக இருக்கும் மென்மையான தேயிலை மசாலாவுக்கு முன் நிற்காது. தூளைப் பாலோடு நெடுநேரம் கொதிக்கவிட்டால் திடமாகும் என்று நானும் நம்பியிருந்தேன். அதிகரிப்பது பெரும்பாலும் துவர்ப்பும் கசப்பும்தான். அந்தத் துவர்ப்பில் ஒரு பகுதியைப் பால் புரதம் பிடித்து அடக்கினாலும், ஓர் எல்லைக்கு மேல் அதனாலும் முடிவதில்லை.

தனியே காய்ச்சிய சூடான பாலை ஊற்றினால் கொதி அடங்காது. ஒருமுறை பொங்கி எழும்போது தீயைக் குறைத்து, மீண்டும் ஒருமுறை எழவிட்டு, சர்க்கரை போட்டு இறக்குவேன். ஏலக்காய் அதற்குச் சற்று முன்புதான். அதன் மணம் ஆவியோடு பறந்துவிடும் இயல்புடையது. தொடக்கத்திலேயே போட்டால் சமையலறை மணக்கும், கோப்பை மணக்காது. 3 ஏலக்காயின் விதைகளை மட்டும் நசுக்கிப் போட்டு, ஒரு நிமிடம் மூடிவைத்து வடிகட்டுகிறேன். மிஞ்சும் தோலைத் தேயிலை டப்பாவுக்குள் போட்டுவைத்தால், மறுநாள் மூடியைத் திறக்கும்போதே ஏலக்காய் மணம் எழுகிறது.