இளங்கோவைப் பற்றி ஒரு நிபந்தனையும் இல்லை

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிப்பதற்கான பகுதியில், மூன்று மாதமாக ஞாயிறுதோறும் உட்கார்ந்து, ஐ.ஐ.எம். சேர்க்கைக்கான கேட் தேர்வின் தர்க்கப் புதிர்களைப் போட்டுப் பார்த்துவருகிறேன். கணக்கும் ஆங்கிலமும் என்னை இவ்வளவு அலைக்கழித்ததில்லை. நிபந்தனைகளை ஒருமுறை வாசித்துவிட்டு நேரே கேள்விகளுக்குத் தாவி, ஒவ்வொரு விடையாகப் பொருத்திப் பார்த்ததுதான் தொடக்கத்தில் நான் செய்த தவறு.

எளிய புதிர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வரிசையாக ஐந்து நாற்காலிகள். நடுவில் பாலு, அமுதாவுக்கு வலப்பக்கம் அடுத்த நாற்காலியில் தேவி, செல்வி ஓரத்தில் உட்காரமாட்டார். ஐந்தாமவரான இளங்கோவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அமுதாவும் தேவியும் பிரியாத சோடி என்பதால், பாலுவுக்கு ஏதாவது ஒரு பக்கத்தின் இரண்டு நாற்காலிகளையும் அவர்களே நிரப்பிவிடுவார்கள். மறுபக்கத்து ஓரம் செல்விக்கு ஆகாது. ஆகவே அது இளங்கோவுக்கு. 120 வரிசைகளுக்கு இடமிருந்த கணக்கு இரண்டே வரிசைகளில் அடங்கிவிட்டது. கேள்வி தயாரிப்பவர் கை வைப்பதும் பெரும்பாலும் இந்த இளங்கோவிடம்தான்.

'அமுதா வந்தால் பாலுவும் வருவார்' என்ற வகை இன்னும் வழுக்கும். பாலு வராவிட்டால் அமுதாவும் வரவில்லை என்பது உறுதி. பாலு வந்திருப்பதை வைத்து அமுதாவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. 'படித்தால் பாஸ் ஆவாய்' என்று அம்மா சொல்லும்போது, படிக்காவிட்டால் ஃபெயில் என்றும் சேர்த்தே கேட்டு வளர்ந்த காது நம்முடையது.

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வின் பழைய வினாத்தாள்கள் இதற்கு நல்ல பயிற்சி. படம் வரைந்து தீர்க்க வேண்டிய அத்தேர்வின் தர்க்கப் புதிர்ப் பகுதி பார்வையற்றோருக்குப் பாதகமானது என்று தொடரப்பட்ட வழக்கில் 2019இல் உடன்பாடு ஏற்பட, 2024 ஆகஸ்ட் முதல் அதை அங்கே நீக்கிவிட்டார்கள். நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன்.

கேட் தேர்வில் இப்புதிர்களும் தரவு விளக்க வினாக்களும் சேர்ந்த பகுதிக்கு 40 நிமிடங்கள். சரியான விடைக்கு 3 மதிப்பெண், தெரிவு வினாவில் தவறினால் 1 கழியும். சென்ற மாதிரித் தேர்வில் ஒரே தொகுப்பில், அதாவது ஒரு புதிரிலும் அதைச் சார்ந்த கேள்விகளிலும், 19 நிமிடங்களைத் தொலைத்தேன். 'குறைந்தது இரண்டு பேர்' என்றிருந்ததை 'இரண்டே பேர்' என்று எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் முதல் ஐந்து நிமிடங்கள் எதையும் தீர்ப்பதில்லை. எல்லாத் தொகுப்புகளையும் வாசித்து, எதை விடுவது என்று முடிவு செய்த பிறகே கட்டம் போடுகிறேன். 'குறைந்தது' வந்தால் தாளில் எழுதி, இரட்டை வட்டமிடுகிறேன்.